தலை தப்பத் தம்பிரான் மட்டும் போதுமா?

கொழும்பில் சைக்கிள் மிதிப்பவருக்கு ஹெல்மெட் வேண்டுமா என்று கேட்டால் வெள்ளவத்தை ஒரு பதில் சொல்கிறது. கொட்டாஞ்சேனை வேறொரு பதில் சொல்கிறது.

நூறு மீற்றர் தள்ளியிருக்கும் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும், மோட்டார் சைக்கிளில் ஏறினால் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். இல்லையென்றால் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் கையைக் காட்டி மறிப்பார், தண்டச்சீட்டு எழுதுவார். அதே சந்தியால் அதே நேரத்தில் ஒரு தகப்பன் சைக்கிள் பாரில் பிள்ளையை இருத்தி, ஹாண்டிலில் புத்தகப் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் கொழுவிக்கொண்டு போவார். அவரை யாரும் மறிப்பதில்லை. மறிக்கச் சட்டமும் இல்லை. மோட்டார் சைக்கிள்காரரின் தலைக்காகக் கவலைப்படும் நமது மோட்டார் வாகனச் சட்டம், சைக்கிள்காரரிடம் இரவில் விளக்கைக் கேட்கிறது, ஹெல்மெட்டைக் கேட்கவில்லை.

கட்டாயம் இல்லை என்பதால் தேவையும் இல்லை என்றாகிவிடுமா? தேவை என்றால் உடனே சட்டம் போட்டுவிட வேண்டியதுதானா? கேட்பதற்கு இரண்டும் ஒரே கேள்வி போல இருக்கும். முதலாவது மண்டையோட்டைப் பற்றியது. அதற்கான விடை அநேகமாக முடிந்த விடயம். இரண்டாவது கேள்விக்குள் வீதி இருக்கிறது, வயிற்றுப்பாடு இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் ஒரு பகுதியினர் ‘எல்லோருக்கும் கட்டாயமாக்கு’ என்கிறார்கள், மறுபகுதியினர் ‘சும்மா விடுங்கோ, சைக்கிளுக்கு என்னத்துக்கு ஹெல்மெட்’ என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

பெற்றோல் இல்லாத அந்த மாதங்கள்

கொழும்பு சைக்கிளை மறுபடி கண்டெடுத்தது 2022இல். அந்த ஆண்டு ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. வரிசையில் நின்றவர்கள் காரை வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து. சைக்கிள் கடைகளில் கூட்டம் அலைமோதியது. இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் விலை தாறுமாறாக ஏறியது. பரணில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்கள் கீழே இறங்கி, டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு வீதிக்கு வந்தன. கழுத்துப்பட்டி கட்டியவர்களும் அலுவலகத்துக்குச் சைக்கிள் மிதித்தார்கள்.

வெள்ளவத்தையில் குடியிருக்கும் வடக்குத் தமிழர்களுக்கு இது புதுக் காட்சி அல்ல. 1990களில் வடக்குக்கு எரிபொருள் தடை இருந்தபோது யாழ்ப்பாணக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பற்றரிக்கும் தடை என்பதால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது அரிசி மூட்டையையும் கிழவியையும் குழந்தையையும் சுமந்து போனது சைக்கிள். அந்தத் தலைமுறை இன்று ராமகிருஷ்ண வீதியிலும் ஹம்டன் லேனிலும் மாடிவீடுகளில் இருக்கிறது. அவர்களிடம் ஹெல்மெட் பேச்சை எடுத்தால், ‘அப்ப ஆர் ஹெல்மெட் போட்டது? நாங்கள் டபிள்ஸ் ஏத்திக்கொண்டே பத்து மைல் ஓடினனாங்கள்’ என்பார்கள்.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அன்றைய யாழ்ப்பாண வீதியில் சைக்கிளை முந்திக்கொண்டு போக அநேகமாக வாகனமே இருக்கவில்லை. எல்லோரும் ஒரே வேகத்தில் போனார்கள். ஆபத்து வானத்திலிருந்து வந்தது, பின்னாலிருந்து வரவில்லை. காலி வீதியில் பின்னால் வருவது, முன்னால் போகும் பஸ்ஸை அடுத்த தரிப்பிடத்துக்குள் பிடித்துவிடத் துடிக்கும் இன்னொரு பஸ். சைக்கிள் அதே சைக்கிள்தான், வீதி வேறு.

இரண்டு கொழும்பு

விடிகாலையில் வெள்ளவத்தை மரைன் டிரைவுக்குப் போய் நின்றால் ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர்களைத் தாராளமாகப் பார்க்கலாம். கியர் சைக்கிள், கையுறை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் மினுங்கும் சிவப்பு விளக்கு. ஒருபக்கம் ரயில் பாதையும் கடலும். வாகனங்கள் இன்னும் சூடுபிடிக்காத நேரம். ஏழு மணிக்கு முன்னர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் கூட்டம் இது. உடற்பயிற்சிக்காகச் சைக்கிள், உயிருக்காக ஹெல்மெட். இவர்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

அதே நேரத்தில் நகரத்தின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில், வேறு சைக்கிள்கள் ஓடுகின்றன. பத்திரிகை போடுபவர், புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் காவலாளி, பலகையில் அதிர்ஷ்ட லாபச் சீட்டுக்களைக் கட்டி விற்பவர், முகத்துவாரப் பக்கமிருந்து மீன் கொண்டுவருபவர். ஜம்பட்டா வீதியிலும் பொன்ஜீன் வீதியிலும் ஆமர் வீதிச் சந்தியிலும் இவர்களைத்தான் காண்பீர்கள். ஹெல்மெட் போட்ட ஒருவரைக் காண வெகுநேரம் நிற்க வேண்டும்.

மீன் விற்பவரின் சைக்கிளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கியர் கிடையாது. கரியரில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிய பெட்டி, அதற்கு மேல் பலகை, பலகையில் கத்தி, ஹாண்டிலில் தொங்கும் தராசு. முன் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரியும், பின் பிரேக்கை நம்பித்தான் ஓட்டம். பாரம் முழுவதும் பின்னால் இருப்பதால் மேட்டில் ஏறும்போது முன்சில்லு தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். ஐஸ் உருகாமல் இருக்கப் பெட்டி ரெஜிபோமால் ஆனது. ஹெல்மெட்டின் உள்ளே இருப்பதும் இதே சாமான்தான், கொஞ்சம் அடர்த்தி கூடியது. மீனுக்குக் கிடைத்த ரெஜிபோம் மீன்காரரின் தலைக்குக் கிடைக்கவில்லை.

ஆபத்தும் இடத்துக்கு இடம் வேறு. வெள்ளவத்தையில் சைக்கிள்காரர் பயப்பட வேண்டியது தரிப்பிடத்துக்குத் திடீரென்று ஓரங்கட்டும் பஸ்ஸுக்கு. சந்தைக்கும் புடைவைக் கடைகளுக்கும் முன்னால் நிறுத்திய வாகனத்தின் கதவு படாரென்று திறப்பதற்கு. குறுக்கு ஒழுங்கையிலிருந்து மூக்கை நீட்டும் ஓட்டோவுக்கு. இவற்றில் மாட்டுபவர் பெரும்பாலும் தட்டுப்பட்டு விழுவார். கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் புளூமெண்டல் வீதியிலும் இங்குருகடைச் சந்தியிலும் கொள்கலன் லொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே தவறினால் விழுவது லொறிச் சில்லுக்கு முன்னால்.

ஹெல்மெட் என்ன செய்யும்

சைக்கிளில் இருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சைக்கிள் நின்றபடியே சரிந்து விழுந்தாலும், அந்த உயரத்திலிருந்து வரும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 19 கிலோமீற்றருக்கு மேல். ‘மெதுவாகத்தானே ஓடுகிறேன்’ என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மண்டையை உடைக்க சைக்கிளின் வேகம் தேவையில்லை, புவியீர்ப்பே போதும்.

ரெஜிபோம் நசுங்கும். நசுங்குவதுதான் அதன் வேலை. ஒரு கணத்தில் நின்றிருக்க வேண்டிய தலை இன்னும் சில மில்லி செக்கன்கள் பிந்தி நிற்கும். மூளை மண்டையோட்டில் போய் மோதும் விசை அந்தச் சில மில்லி செக்கன்களால் வெகுவாகக் குறைந்துவிடும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078 ஒரு ஹெல்மெட்டைச் சோதிப்பதும் இந்தக் கணக்கில்தான்: ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான பரப்பில் போட்டுப் பார்ப்பார்கள்.

பலன் எவ்வளவு? நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக் ஒலிவியரும் புருடென்ஸ் கிரைட்டனும் 40 ஆய்வுகளைத் திரட்டி, அடிபட்ட 64,000க்கும் அதிகமான சைக்கிள்காரர்களின் விவரங்களை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. பாரதூரமான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 வீதம் குறைவு. உயிரைப் பறிக்கும் தலைக்காயத்தின் வாய்ப்பு 65 வீதம் குறைவு.

சைக்கிள் பந்தய வீரர்களே ஒரு காலத்தில் ஹெல்மெட்டை எதிர்த்தவர்கள். வெக்கை, பாரம் என்று சொல்லி 1991இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வேலைநிறுத்தமே செய்தார்கள். 2003 மார்ச்சில் அதே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசாக்ஸ்தான் வீரர் அந்திரெய் கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். சில வாரங்களில் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 

ஆகவே முதற் கேள்விக்கு விடை தெளிவு. விழும்போது தலையில் ஹெல்மெட் இருப்பது நல்லது. இதில் வாதாட இடமில்லை.

ஹெல்மெட் என்ன செய்யாது

ஹெல்மெட் விபத்தைத் தடுக்காது. விபத்து நடந்த பிறகுதான் அதன் வேலை ஆரம்பிக்கிறது. நெஞ்சையும் இடுப்பையும் அது காக்காது. மணிக்கு 20 கிலோமீற்றர் அளவில் விழும் விழுகைக்காகச் சோதிக்கப்பட்ட பொருள் அது. கொள்கலன் லொறியின் பின்சில்லு ஏறினால் அதற்குச் செய்ய எதுவுமில்லை.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஹெல்மெட்டை விட முதலில் சொல்ல வேண்டிய புத்திமதி ஒன்று உண்டு. சந்தியில் நிற்கும் பெரிய லொறியின் இடது பக்கத்தால் ஒருபோதும் நுழையாதீர்கள். சாரதி உயரத்தில் இருக்கிறார். அவருடைய இடது கதவுக்குக் கீழே நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. லொறி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்பகுதி ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வரும். நடைபாதை விளிம்புக்கும் சில்லுக்கும் இடையில் சைக்கிள்காரர் அகப்பட்டுக்கொள்வார். நம்மைப் போலவே இடது பக்கம் வாகனம் ஓட்டும் லண்டனில் இப்படிப் பலர் இறந்தார்கள். அந்த நகரம் சைக்கிள்காரரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளில் சாரதிக்கு வெளியே எவ்வளவு தெரிகிறது என்று அளந்து அனுமதிப் பத்திரம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்து, 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியது. பார்வை போதாத லொறிக்குக் கமெராவும் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தினால்தான் நகருக்குள் வரலாம். கொழும்புத் துறைமுகத்து லொறிகளுக்கு இப்படி ஒரு விதி வந்தால், ஆயிரம் ஹெல்மெட் காப்பாற்ற முடியாத உயிர்களை அது காப்பாற்றும்.

சட்டம் போட்டவர்கள் கண்டது

சைக்கிள்காரர் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய முதல் இடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1990 ஜூலை 1ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏனைய மாநிலங்களும் ஓரிரு ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. நியூசிலாந்து 1994இல் சேர்ந்துகொண்டது. தலைக்காயங்கள் குறைந்தன. கூடவே இன்னொன்றும் குறைந்தது. மெல்பேர்ண் வீதிகளில் எடுத்த கணக்கெடுப்பின்படி, முதலாண்டிலேயே சைக்கிள் ஓட்டுபவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோனார்கள். பதின்ம வயதினரிடையே வீழ்ச்சி இன்னும் அதிகம். தலைமயிர் கலையும், வெக்கை, எங்கே வைப்பது என்ற காரணங்களால் பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். காயம் குறைந்ததில் ஹெல்மெட்டின் பங்கு எவ்வளவு, ஓட்டம் குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 2010இல் மெல்பேர்ணில் தொடங்கிய வாடகைச் சைக்கிள் திட்டம் 2019இல் மூடப்பட்டது. திடீரென்று ஒரு சைக்கிள் எடுக்க நினைப்பவரின் கையில் ஹெல்மெட் இருப்பதில்லை என்பது அதன் நெடுநாள் நோய்.

சிட்னியில் மகனோ மகளோ இருக்கும் வெள்ளவத்தைப் பெற்றோர் பலருக்கு இது தெரிந்த கதை. அங்கே 2016 மார்ச்சில் ஹெல்மெட் போடாததற்கான தண்டப்பணம் 71 டொலரிலிருந்து ஒரேயடியாக 319 டொலராக ஏறியது. ஸ்காபரோவில் உறவினர் இருப்பவர்களுக்கு வேறொரு கதை தெரிந்திருக்கும். ஒன்டாரியோ மாகாணம் 1995 ஒக்டோபரிலிருந்து 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது; வளர்ந்தவர் தன் முடிவைத் தானே எடுக்கலாம். மெக்சிகோ நகரம் 2010இல் வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது தன் ஹெல்மெட் விதியை நீக்கிக்கொண்டது. இஸ்ரேல் 2007இல் எல்லோருக்கும் கட்டாயம் என்றது. 2011இல் நகருக்குள் ஓட்டும் பெரியவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் போட முயற்சிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதி, தண்டனையை மட்டும் எழுதாமல் விட்டது.

தண்டச்சீட்டு யார் கையில்?

‘மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் போட்டுத்தானே எல்லோரும் ஹெல்மெட் போடுகிறார்கள்? சைக்கிளுக்கு மட்டும் ஏன் தயக்கம்?’ நியாயமான கேள்வி. நாட்டில் ஆண்டுக்கு 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் மிகப்பெரிய கூட்டம் மோட்டார் சைக்கிள்காரர். அந்த வேகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தும். பெற்றோல் அடிக்கப் பணமுள்ளவரால் ஹெல்மெட்டும் வாங்க முடியும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு எஸ்.எல்.எஸ். 517 என்ற உள்நாட்டுத் தரமும் இருக்கிறது.

சைக்கிளில் போகிறவர் பெரும்பாலும் பஸ் காசை மிச்சம் பிடிப்பவர். அவர் மேல் தண்டம் விழுந்தால் ஹெல்மெட் வாங்க மாட்டார், சைக்கிளை வீட்டில் வைத்துவிடுவார். அல்லது மறிக்கும் இடம் எது என்று தெரிந்துகொண்டு ஒழுங்கைகளுக்குள்ளால் போவார். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அடங்கும் கிங் கவுண்டியிலும் தண்டம் இப்படி இல்லாதவர்கள் மேல்தான் விழுந்தது. அங்கே ஹெல்மெட் தண்டங்கள் வீடற்றவர்கள் மீதும் கறுப்பினத்தவர் மீதும் அளவுக்கு மிஞ்சி விழுந்தது தெரியவந்தபின் 2022 பெப்ரவரியில் சட்டத்தையே நீக்கினார்கள். ஹெல்மெட் போடுங்கள் என்ற பிரசாரம் தொடர்ந்தது. தண்டம் மட்டும் போயிற்று.

நமது ஊரில் பொலிஸும் ஹெல்மெட்டும் சேர்ந்த வரலாறு வேறு விதமானது. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் ஹெல்மெட்டைக் கழற்றி முகம் காட்டியவர்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள். 2015இல் கொள்ளையர்கள் முகத்தை மறைக்கிறார்கள் என்று சொல்லி முழுமுக ஹெல்மெட்டுக்குப் பொலிஸ் தடை கொண்டுவந்தது. தலையைக் காக்கும் பொருளில் மிகச் சிறந்த வகையையே தடுக்கும் அந்த முயற்சியை மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுதான் நிறுத்தியது. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிகாலையில் வேலைக்குப் போகும் ஒருவரை, தட்டுத்தடுமாறிச் சிங்களம் பேசும் ஒருவரை, மறிப்பதற்கு இன்னொரு காரணத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கும் முன்னர் இந்த வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1973இல் அவர்கள், 2022இல் நாம்

உலகிலேயே அதிகமாகச் சைக்கிள் ஓடும் நாடு நெதர்லாந்து. அங்கே சாதாரணமாகச் சைக்கிள் மிதிப்பவர் ஹெல்மெட் போடுவது அபூர்வம். ஆனாலும் கிலோமீற்றர் கணக்குப் போட்டுப் பார்த்தால் சைக்கிள் மிகப் பத்திரமாக ஓடும் நாடுகளில் அதுவும் ஒன்று. அது எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் வீதி விபத்துகளில் 3,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். ‘பிள்ளைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. தாய்மார் வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்றது அரசாங்கம். வெறிச்சோடிய வீதியில் பிள்ளைகள் விளையாடினார்கள். அந்த நெருக்கடி முடிந்ததும் அவர்கள் பழைய வீதிக்குத் திரும்பவில்லை. சைக்கிளுக்குத் தனிப் பாதை, குடியிருப்புகளில் வேகக் கட்டுப்பாடு, சந்திகளில் தடுப்பு என்று நாட்டையே திருத்திக் கட்டினார்கள். இப்போது அங்கே மின்சார சைக்கிளில் போகும் முதியவர்கள் விழுவது கூடியிருப்பதால், விரும்பிப் போடும்படி ஹெல்மெட்டையும் ஊக்குவிக்கிறார்கள். முதலில் வீதி, பிறகு தலை என்பது அவர்களின் வரிசை.

நமக்கும் ஒரு நெருக்கடி வந்தது. கொழும்பு சைக்கிளில் ஏறியது. பெற்றோல் திரும்பி வந்ததும் இறங்கிவிட்டது. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறையும் போயிற்று. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை சைக்கிளுக்கென்று பிரித்து மறித்த ஒரு பாதை அந்த மாதங்களில் கிடைத்திருந்தால், இன்றும் அதில் ஆயிரக்கணக்கானோர் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நகரப் பகுதிகளில் கார், மோட்டார் சைக்கிள்களின் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 40. பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நெருங்கி நிற்கும் கொட்டாஞ்சேனை போன்ற இடத்துக்கு 50 மிகவும் அதிகம். ஆட்கள் வாகனங்களோடு கலந்து புழங்கும் வீதிகளில் 30 போதும் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் சொன்னது. சராசரி வேகத்தை 5 வீதம் குறைத்தால் உயிரிழப்பு விபத்துகள் 30 வீதம் வரை குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எந்த ஹெல்மெட் சட்டத்தைவிடவும் இது பெரிய கவசம். சைக்கிள்காரரை மட்டுமன்றி நடந்து போகும் பாட்டியையும் இது காக்கும்.

செய்யக்கூடியவை

பாதை போட மாநகர சபைக்கு ஆண்டுகள் ஆகலாம். அதுவரைக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

சம்பளத்துக்காகச் சைக்கிள் ஓட்டுபவருக்கு ஹெல்மெட் கொடுக்க வேண்டியவர் முதலாளி. பத்திரிகை விநியோகம், உணவு விநியோகம், கடைச் சாமான் விநியோகம் எதுவானாலும், பையும் சீருடையும் கொடுக்கிறவர்கள் ஹெல்மெட்டையும் விளக்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். சட்டம் வேண்டுமென்றால் இந்த இடத்தில் போடுங்கள். தண்டம் கட்ட வேண்டியவர் மிதிக்கிறவர் அல்ல, மிதிக்க வைக்கிறவர்.

பிள்ளைகளுக்கு விதிவிலக்கே வேண்டாம். பாரிலோ கரியரிலோ இருந்து போகும் பிள்ளை தானாக அந்த ஆபத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பாடசாலைகளும் பழைய மாணவர் சங்கங்களும் நினைத்தால் இதைச் சாதிக்கலாம். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இயங்கும் பழைய மாணவர் கிளைகள் பரிசளிப்பு விழாவுக்கும் மண்டபத்துக்கும் பணம் அனுப்புகின்றன. ஒரு வருடம் ஹெல்மெட் அனுப்பட்டும். அரசாங்கம் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு இறக்குமதி வரியை நீக்கிக் கொடுக்கட்டும்.

பெட்டிச் செய்தி: வாங்கப் போகிறீர்களா?

உள்ளே ஒட்டியிருக்கும் தரச் சீட்டைப் பாருங்கள். ஈ.என். 1078, அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி., அவுஸ்திரேலியா–நியூசிலாந்து 2063 ஆகிய ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். விலை கூடியது எல்லாம் பாதுகாப்புக் கூடியது என்றில்லை. கூடுதல் பணம் பெரும்பாலும் பாரக் குறைவுக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது.

தலையில் மட்டமாக இருக்க வேண்டும். புருவத்துக்கும் ஹெல்மெட் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. காதைச் சுற்றிப் பட்டி ‘வி’ வடிவில் வர வேண்டும். நாடிப்பட்டிக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பின்னுக்குத் தள்ளிப் போட்டால் நெற்றி திறந்து கிடக்கும். பட்டி கட்டாவிட்டால் விழும்போது ஹெல்மெட் ஒருபக்கம், தலை ஒருபக்கம். கொண்டை போடும் பெண்கள் கழுத்தருகே தாழ்த்திக் கட்டினால் சரியாக இருக்கும்.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், திரும்பப் போடாதீர்கள். நசுங்கிய ரெஜிபோம் பழைய நிலைக்கு வராது. இதே காரணத்தால் பழைய ஹெல்மெட்டை விலைக்கு வாங்குவதும் வீண். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்க வேண்டாம். வெக்கையும் பாரமும் தாங்காது, பின்னால் வரும் சத்தமும் சரியாகக் கேட்காது.

விழுந்தவர் எழுந்து நின்று ‘ஒண்டுமில்லை’ என்று சொன்னாலும் ஒரு நாள் முழுதும் கவனியுங்கள். மூளைக்கு வெளியே இரத்தம் கசிந்தாலும் முதற் சில மணித்தியாலம் ஆள் நன்றாகவே இருக்கக்கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், இரண்டு கண்மணிகளும் வெவ்வேறு அளவு ஆகிய இவற்றில் ஏதாவது தெரிந்தால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இலவசம். கொழும்பில் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

முடிவாக

மரைன் டிரைவில் ஓடுபவர் ஏற்கெனவே போட்டுவிட்டார். அவருக்காக ஒரு சட்டம் வேண்டியதில்லை. புளூமெண்டல் வீதியில் ஓடுபவரிடம் வாங்கக் காசில்லை. அவரைத் தண்டிக்கும் சட்டம் அநியாயம். ஆகவே பெரியவர்களுக்குத் தண்டத்தோடு கூடிய ஹெல்மெட் சட்டம் இப்போது வேண்டாம். லொறியின் பார்வைக்கும் வாகனத்தின் வேகத்துக்கும், விநியோக நிறுவனங்களின் பொறுப்புக்கும் சட்டம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். வேட்பாளர்கள் அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் ஒழுங்கைக்கு வரும்போது, சைக்கிள் பாதை எங்கே, 30 கிலோமீற்றர் பலகை எங்கே என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

சட்டம் வேண்டாம் என்பதை ஹெல்மெட் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று விழுந்து எழும்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். விழுவதற்கு முன்னர் செய்ய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. வாங்க முடிந்தவர் இந்த மாதமே ஒன்று வாங்குங்கள். இரண்டு வாங்க முடிந்தவர், உங்கள் வீட்டுக்குப் பத்திரிகை போடுகிறவருக்கு இன்னொன்றைக் கொடுங்கள்.